கணினிப் பெட்டியின் பக்க விசிறிக்குக் கழற்றி மாட்டும் மின்னிணைப்பு

தோட்டப்புறக் குடும்பங்களில் கணினி இன்று அரிய பொருளன்று. பிள்ளைகளின் பள்ளிப் பாடங்களுக்கும், பெரியவர்களின் விண்ணப்பங்களுக்கும், சங்கங்களின் வரவு செலவுக் கணக்குகளுக்கும் அது துணை நிற்கின்றது. புதிய கணினி வாங்க வசதியில்லாத பலர், பிறர் பயன்படுத்திக் கழித்த மேசைக் கணினியைக் குறைந்த விலைக்கு வாங்கிப் பழுது பார்த்துப் பல்லாண்டுகள் உழைக்க வைக்கின்றனர். இது பாராட்டத்தக்க பழக்கமாகும். ஆனால் பழைய பொருளை வாங்கியவர் அதனைப் பேணும் முறையையும் அறிந்திருத்தல் வேண்டும்.

அத்தகைய பேணும் வேலைகளுள் ஒன்றை இம்மாதப் பாடமாக எடுத்துக்கொள்வோம். கணினிப் பெட்டியின் பக்கக் கதவில் பொருத்தப்பட்ட விசிறிக்கு, வேண்டும்போது கழற்றி மீண்டும் மாட்டக்கூடிய மின்னிணைப்பு அமைப்பது எப்படி என்பதே அது. வேலை சிறிது, ஒரு மாலைப்பொழுதில் முடிந்துவிடும். எனினும் இதில் அடங்கியுள்ள விதிகள் வீட்டு மின்சாரம் முழுமைக்கும் பொருந்துவன.

பக்க விசிறி எதற்கு?

கணினி இயங்கும்போது அதன் உட்பகுதிகள் சூடேறுகின்றன. நம் நாட்டில் ஆண்டு முழுதும் வெப்பமும் ஈரமும் மிகுந்திருப்பதால், பெட்டிக்குள் செல்லும் காற்றே குளிர்ச்சியானதன்று. சூடு வெளியேறாவிடில் கணினி தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அல்லது திடீரென நின்றுவிடும். இதனைத் தவிர்க்கவே பல பெட்டிகளின் பக்கக் கதவில் விசிறி அமைக்கப்பட்டது. வெளிக்காற்றை உள்ளிழுத்து, படம் காட்டும் அட்டையின் மீதும் தாய்ப்பலகையின் மீதும் அது நேராகச் செலுத்துகின்றது.

இங்கேதான் ஒரு சிக்கல் எழுகின்றது. விசிறியோ கதவில் இருக்கின்றது; அதற்கு வேண்டிய மின்சாரமோ பெட்டிக்குள் இருக்கின்றது. மழையில்லாக் காலத்தில் செம்மண் சாலையின் புழுதி பெட்டிக்குள் படிகின்றது. எறும்பும் பல்லியும் குடிபுகுகின்றன. தூய்மை செய்யக் கதவைத் திறக்க வேண்டியுள்ளது. கதவில் விசிறி இருப்பதை மறந்து ஒருவர் கதவை வெடுக்கென இழுத்தால் மெல்லிய கம்பி அறுந்துவிடும். அறுந்த முனை பெட்டியின் இரும்பில் பட்டால், மின்வழங்கி தன்னைக் காத்துக்கொள்ள இயக்கத்தை நிறுத்திவிடும். பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் கணினி உயிர் பெறாது. காரணம் அறியாத குடும்பத்தினர், கணினியே கெட்டுவிட்டது என்று எண்ணி, வேறொன்று வாங்கக் கடன் தேடுவர். சில வெள்ளி மதிப்புள்ள ஓர் இணைப்பி இந்த வீண்செலவைத் தடுத்துவிடும்.

12 வோல்ட்டின் இயல்பு

சுவரிலிருந்து கணினிக்கு வருவது 230 வோல்ட்டு மாறுதிசை மின்சாரம். பெட்டியின் பின்புறத்தில் உள்ள மின்வழங்கி அதனை 12, 5, 3.3 வோல்ட்டு நேர்த்திசை மின்சாரமாக மாற்றித் தருகின்றது. விசிறி பயன்படுத்துவது 12 வோல்ட்டு.

விசிறியின் நடுவில் ஒட்டிய தாளைப் படியுங்கள். நேர்த்திசையைக் குறிக்கும் 'டி.சி.' என்னும் எழுத்துகளும், 12 வோல்ட்டு என்பதும், ஆம்பியர் அளவும் அச்சிடப்பட்டிருக்கும். 0.25 ஆம்பியர் என்று இருந்தால், 12 × 0.25 = 3; அதாவது அந்த விசிறிக்கு வேண்டிய ஆற்றல் 3 வாட்டு மட்டுமே. மாறுதிசை மின்சாரத்தைக் குறிக்கும் 'ஏ.சி.' என்னும் எழுத்துகளும் 230 அல்லது 240 வோல்ட்டு என்பதும் காணப்பட்டால், அது வேறு வகை விசிறி. அதனைக் கணினிக்குள் பொருத்தலாகாது.

12 வோல்ட்டு உலர்ந்த கையில் அதிர்ச்சி தருவதில்லை. ஆதலால் அது தீங்கற்றது என்று கருதிவிடுதல் தவறு. மேசைக் கணினியின் மின்வழங்கி, 12 வோல்ட்டு வழியில் பெரும்பாலும் 15 ஆம்பியருக்கும் மேல் தரவல்லது. விசிறி கேட்பது கால் ஆம்பியர். விசிறியின் மெல்லிய கம்பியில் குறுக்குச்சுற்று ஏற்பட்டு, மின்வழங்கி உடனே நிற்காமற்போனால், அத்தனை ஆம்பியரும் அக்கம்பி வழியே பாயும். கம்பி பழுக்கக் காய்ந்து, மேலுறை உருகிப் புகையும். விரலைச் சுடாத மின்சாரம் வீட்டைச் சுடலாம் என்பதை நினைவிற் கொள்க.

நிறத்தை மட்டும் நம்பலாமா?

மின்வழங்கியிலிருந்து வரும் நான்கு முனை இணைப்பியைக் கடைக்காரர்கள் மோலெக்ஸ் என்பர். அதில் மஞ்சள் கம்பி 12 வோல்ட்டு. சிவப்பு 5 வோல்ட்டு. நடுவில் உள்ள இரு கறுப்புக் கம்பிகளும் எதிர்முனை.

விசிறியின் கம்பிகளோ வேறு கணக்குடையவை. மூன்று கம்பி விசிறியில் பொதுவாகக் கறுப்பு எதிர்முனை. சிவப்பு 12 வோல்ட்டு. மஞ்சள் வேகத்தைத் தெரிவிக்கும் குறிப்புக் கம்பி. நான்கு கம்பி விசிறியில் பெரும்பாலும் கறுப்பு எதிர்முனை. மஞ்சள் 12 வோல்ட்டு. பச்சை வேகக் குறிப்பு. நீலம் வேகத்தைக் கட்டுப்படுத்துவது. எல்லாக் கம்பிகளையும் கறுப்பாகவே செய்யும் நிறுவனங்களும் உண்டு.

ஒரே மஞ்சள் நிறம் ஓரிடத்தில் 12 வோல்ட்டையும் மற்றோரிடத்தில் வேகக் குறிப்பையும் காட்டுவதைக் காண்கிறோம். மஞ்சளோடு மஞ்சளைச் சேர்ப்பதே முறை என்று எண்ணி மூன்று கம்பி விசிறியை இணைத்தால் விசிறி சுழலாது. அதன் உள்ளே உள்ள நுண்சுற்றும் கெடக்கூடும். எனவே நிறத்தை வழிகாட்டியாகக் கொள்ளுங்கள். முடிவை மின்னளவியைக் கொண்டு உறுதி செய்யுங்கள்.

கழலும் இணைப்பின் மூன்று விதிகள்

எந்த இணைப்பும் சேர்ந்திருக்கும்போது வேலை செய்ய வேண்டும் என்பது யாவரும் அறிந்ததே. கழற்றி மாட்டும் இணைப்போ, பிரியும்போதும் பிரிந்து கிடக்கும்போதும் தீங்கு செய்யாதிருத்தல் வேண்டும். இப்பாடத்தின் உயிர்நாடி இதுவே. அதற்கு மூன்று விதிகள் உள.

முதல் விதி: மின்சாரம் வரும் பக்கத்தில் துளைப் பகுதி, மின்சாரம் பெறும் பக்கத்தில் முள் பகுதி. உங்கள் வீட்டுச் சுவரைப் பாருங்கள். சுவரில் இருப்பது துளை. இஸ்திரிப் பெட்டியின் கம்பியில் இருப்பது முள். இது மாறி அமைந்திருந்தால், சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் முள்ளைக் குழந்தை தொட்டு உயிரிழக்க நேரும். கணினியிலும் அவ்வாறே. கதவைக் கழற்றிய பின் மின்வழங்கிப் பக்கத்து முனை பெட்டிக்குள் தொங்கும். அது முள்ளாக இருந்தால் இரும்பில் பட்டுக் குறுக்குச்சுற்று ஏற்படலாம். துளையாக இருந்தால் அதன் உலோகம் பிளாஸ்டிக் கூட்டுக்குள் மறைந்திருக்கும். முன்னர்க் கூறிய மோலெக்ஸ் இணைப்பியில் மின்வழங்கிப் பக்கம் துளைகளாகவே அமைந்திருத்தலைக் காணலாம்.

இரண்டாம் விதி: மாற்றிப் பொருத்த முடியாத வடிவம். இணைப்பியை எவர் எந்த இருட்டில் மாட்டினாலும் ஒரே வகையில்தான் பொருந்த வேண்டும். இரு தனித்தனி முனைகளைக் கம்பிகளில் மாட்டி, சிவப்புக்குச் சிவப்பு என்று நினைவில் வைத்துக்கொள்வது போதாது. இன்று அமைத்தவர் நாளை வீட்டில் இல்லாதிருக்கலாம்.

மூன்றாம் விதி: இழுவிசை கம்பியின் ஒட்டில் விழலாகாது. கம்பியை இருபுறமும் கட்டி நிறுத்த வேண்டும். இழுத்தால் இணைப்பி பிரியலாம், ஒட்டு பிரியலாகாது.

எந்த இணைப்பியைத் தெரிந்தெடுப்பது?

தாய்ப்பலகையில் விசிறிக்கென ஒதுக்கிய முனை காலியாக இருந்தால், மூன்று அல்லது நான்கு கம்பி நீட்டிப்பு ஒன்றைக் கடையில் வாங்கி இடையில் மாட்டுவதே எளிய வழி. வெட்டவும் வேண்டா, ஒட்டவும் வேண்டா. விசிறியின் வேகத்தையும் கணினி அறிந்துகொள்ளும். அம்முனை பொதுவாக 1 ஆம்பியர் வரை தரும். ஒரு விசிறிக்கு அது தாராளம். ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இவ்வகை நீட்டிப்பில் மின்சாரம் வரும் பக்கம் முள்ளாக இருக்கும். முதல் விதிக்கு இது மாறானது. எனவே கணினியின் மின்சாரத்தை முற்றிலும் நிறுத்திய பின்னரே இதனைக் கழற்ற வேண்டும்.

காலி முனை இல்லாதபோதும், விசிறியின் பழைய இணைப்பி அறுந்துபோனபோதும், மின்வழங்கியிலிருந்து நேராக மின்சாரம் எடுக்கலாம். அப்போது விசிறி எப்போதும் முழு வேகத்தில் சுழலும். அது நின்றுவிட்டால் கணினி எச்சரிக்காது. ஆகவே பக்க விசிறிக்கு மட்டுமே இம்முறை ஏற்றது. செயலியின் மேல் அமர்ந்திருக்கும் விசிறியைத் தாய்ப்பலகையிலிருந்து பிரித்தல் கூடாது.

இவ்வழிக்கு இருமுனை இணைப்பியே போதுமானது. அதில் இரு வகை உண்டு. ஒன்றில் சிறு பூட்டு நாக்கு இருக்கும். அதனை அழுத்தினால்தான் பிரியும். விசிறியின் அதிர்வால் அது தானே தளர்வதில்லை. மற்றொன்றில் பூட்டு இல்லை, இழுத்தால் வந்துவிடும். வீட்டில் ஒருவரே கணினியைத் திறந்து பார்ப்பவர் என்றால் பூட்டுள்ளது நன்று. பலர் கைபடும் மண்டபக் கணினிக்குப் பூட்டில்லாததே நன்று; அறியாதவர் கதவை இழுத்தாலும் கம்பி அறாமல் இணைப்பி மட்டும் பிரியும். மோலெக்ஸ் இணைப்பியையே கதவருகே வைத்து அடிக்கடி கழற்றலாமே எனச் சிலர் கேட்கலாம். அது மிக இறுக்கமானது. அடிக்கடி இழுத்தால் உள்ளிருக்கும் உலோக முனைகள் தளர்ந்து பின்வாங்கும்.

வேண்டிய பொருள்கள்

1. மோலெக்ஸ் முள் பகுதியும் கம்பிகளும் கொண்ட மாற்றிணைப்பு ஒன்று.
2. கம்பியோடு கூடிய இருமுனை இணைப்பி ஒரு சோடி. ஒன்று துளை, மற்றொன்று முள்.
3. கம்பியிடையே மாட்டும் கூட்டோடு 1 ஆம்பியர் உருகி, அதாவது ஃபியூஸ்.
4. பல இழைகளாலான கம்பி, 0.3 சதுர மில்லிமீட்டர் அளவு. ஒற்றை இழைக் கம்பி அடிக்கடி வளைந்தால் முறியும்.
5. சூட்டில் சுருங்கும் குழல், பிளாஸ்டிக் கட்டுப்பட்டைகள், பற்றாசும் பற்றாசுக் கோலும், மின்னளவி, திருப்புளி.

சாதாரண ஒட்டு நாடாவைச் சுருங்கு குழலுக்கு மாற்றாகக் கொள்ளலாகாது. பெட்டியின் சூட்டில் அதன் பசை இளகி, நாடா நழுவி, உள்ளிருக்கும் கம்பி வெளிப்படும்.

செய்முறை

முதலில் கணினியை நிறுத்தி, சுவரிலிருந்து முளையைப் பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தல் போதாது. பின்னர்க் கணினியின் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் எஞ்சிய மின்சாரம் பெரும்பாலும் வடிந்துவிடும். கதவைத் திறந்தவுடன் பெட்டியின் இரும்பை ஒருமுறை தொட்டு, உடலில் தேங்கிய நிலைமின்சாரத்தைப் போக்கிக்கொள்ளுங்கள்.

மின்வழங்கியின் கூட்டை எக்காரணம் கொண்டும் திறவாதீர். சுவரிலிருந்து பிரித்த பின்னும் அதனுள் இருக்கும் மின்தேக்கிகள் உயிருக்கு ஊறு செய்யும் மின்னழுத்தத்தைத் தாங்கி நிற்கலாம். அதிலிருந்து வரும் கம்பிகளையும் வெட்டாதீர். மாற்றிணைப்பின் கம்பியை மட்டுமே வெட்டுதல் வேண்டும்.

ஒட்டு வேலையைப் பெட்டிக்கு வெளியே மேசைமீது செய்யுங்கள். உருகிய பற்றாசுத் துளி தாய்ப்பலகையில் விழுந்தால் அதன் நுண்வழிகள் ஒன்றோடொன்று இணைந்துவிடும். சன்னலைத் திறந்து வையுங்கள். வேலை முடிந்ததும் கைகழுவுங்கள்.

மாற்றிணைப்பின் மஞ்சள் கம்பியை உருகியின் ஒரு முனையோடும், உருகியின் மறுமுனையை இருமுனை இணைப்பியின் துளைப் பகுதியிலுள்ள நேர்முனைக் கம்பியோடும் சேர்க்க வேண்டும். உருகி மின்வழங்கிக்கு அருகில் இருத்தல் நன்று. அதற்கு அப்பால் எங்குக் குறுக்குச்சுற்று நேர்ந்தாலும் அது உருகிக் காக்கும். மாற்றிணைப்பின் கறுப்புக் கம்பி, துளைப் பகுதியின் எதிர்முனைக் கம்பியோடு சேரும். சிவப்புக் கம்பி இருந்தால் அதன் முனையைச் சுருங்கு குழலால் மூடிக் கட்டிவிடுங்கள்.

அடுத்து, விசிறியின் நேர்முனைக் கம்பியையும் எதிர்முனைக் கம்பியையும் முள் பகுதியின் கம்பிகளோடு சேருங்கள். வேகக் குறிப்புக் கம்பியையும், நீலக் கம்பி இருந்தால் அதனையும், தனித்தனியே மூடிவிடுங்கள். அவற்றுக்கு மின்சாரம் கொடுத்தலாகாது.

ஒவ்வோர் ஒட்டிற்கும் முறை ஒன்றே. சுருங்கு குழலை முதலில் கம்பியில் கோத்துக்கொள்ளுங்கள். ஒட்டிய பின் கோக்க வழியிராது. மேலுறையை ஒரு சென்டிமீட்டர் நீக்கி இழைகளை முறுக்கிச் சேருங்கள். கோலின் சூட்டைக் கம்பிக்குக் கொடுங்கள். கம்பியின் சூட்டில் பற்றாசு உருகி இழைகளுக்குள் ஊற வேண்டும். ஆறிய பின் குழலை ஒட்டின்மேல் நகர்த்திச் சூடுகாட்டிச் சுருக்குங்கள். இரு கம்பிகளின் ஒட்டுகளும் அருகருகே அமையாமல், ஒன்றுக்கொன்று இரண்டு சென்டிமீட்டர் தள்ளி அமையட்டும். குழல் ஒருநாள் கிழிந்தாலும் அவை ஒன்றையொன்று தொடமாட்டா.

கம்பியின் நீளமும் கட்டும்

கம்பி மிகக் குறுகியிருந்தால் கதவைத் திறக்கும்போதே அறும். மிக நீண்டிருந்தால் விசிறியின் இறக்கையில் சிக்கும். கதவைச் சற்று விலக்கியவுடன் கையை உள்ளே விட்டு இணைப்பியைப் பிரிக்க இயல வேண்டும். அதற்கு ஒன்றரைச் சாண் தளர்வு போதும். பெட்டிப் பக்கத்தில் கம்பியைச் சட்டத்தோடு ஒரு பட்டையால் கட்டுங்கள். கதவுப் பக்கத்தில் விசிறியின் மூலைத் துளையோடு கட்டுங்கள். கூரிய இரும்பு விளிம்பைக் கம்பி கடக்குமிடத்தில் ரப்பர் வளையம் வைத்தல் நலம்.

சோதனை

விசிறியை மாட்டுவதற்கு முன் இரு சோதனைகள் செய்ய வேண்டும்.

முதற்சோதனை மின்சாரம் இல்லாமல் செய்வது. மாற்றிணைப்பை மின்வழங்கியில் மாட்டாமல், மின்னளவியைத் தொடர்ச்சி காட்டும் நிலையில் வைத்து, நேர்முனைக்கும் எதிர்முனைக்கும் இடையே சோதியுங்கள். ஒலி எழுந்தால் எங்கோ இரண்டும் தொட்டுக்கொண்டிருக்கின்றன. காரணத்தைக் கண்டு நீக்காமல் மேலே செல்லாதீர்.

இரண்டாம் சோதனை மின்சாரத்தோடு செய்வது. மாற்றிணைப்பை மாட்டிக் கணினியை இயக்கி, மின்னளவியை 20 வோல்ட்டு நேர்த்திசை அளவில் வைத்து, துளைப் பகுதியில் அளவெடுங்கள். 11.4 முதல் 12.6 வோல்ட்டுக்குள் காட்டினால் சரி. எண்ணின் முன் கழித்தல் குறி தோன்றினால் நேர்முனையும் எதிர்முனையும் இடம் மாறியுள்ளன. 5 வோல்ட்டு காட்டினால் மஞ்சளுக்குப் பதில் சிவப்பை எடுத்துவிட்டீர்கள் என்று பொருள்.

இரண்டும் சரியானால் கணினியை நிறுத்தி, முளையைப் பிடுங்கி, இணைப்பியை மாட்டிக் கதவைப் பொருத்துங்கள். மீண்டும் இயக்கி, ஒரு மெல்லிய தாளைக் கதவின் வெளிப்புறம் காட்டுங்கள். விசிறி அதனைத் தன்பால் இழுத்தால் காற்று உள்ளே செல்கின்றது. தாள் விலகினால் விசிறி திரும்பி மாட்டப்பட்டுள்ளது. திருகாணிகளைக் கழற்றித் திருப்பி மாட்டுங்கள். கம்பிகளை இடம் மாற்றினால் இவ்வகை விசிறி எதிர்த்திசையில் சுழலாது.

வாரம் ஒருமுறை கதவருகே கையை வைத்துக் காற்று வருகின்றதா எனப் பார்த்தல் நல்ல பழக்கம். இணைப்பி தளர்ந்து விசிறி நின்றிருந்தால் வேறெதுவும் அதனைத் தெரிவிக்காது.

வீட்டிற்கும் இதே விதி

இப்பாடத்தின் முதல் விதியை வீட்டிற்கும் பொருத்திப் பாருங்கள். இரு முனைகளிலும் முள் கொண்ட கம்பியைச் செய்து, ஒரு முனையைச் சுவர்த் துளையிலும் மறுமுனையை வேறொன்றிலும் மாட்டும் வழக்கம் சிலரிடம் உண்டு. மின்தடையின்போது சிறு மின்னாக்கியை வீட்டோடு இணைக்கவும் இதனையே பயன்படுத்துவர். ஒரு முனையை மாட்டியவுடன் மறுமுனை முள்ளில் முழு 230 வோல்ட்டும் நிற்கும். அதனைத் தொடுபவர் பிழைப்பது அரிது. அத்தகைய கம்பி வீட்டில் இருந்தால் இன்றே வெட்டி எறிந்துவிடுங்கள்.

கணினியின் 12 வோல்ட்டு வேலையைக் கற்றுக்கொண்டோர் சுவர்க் கம்பிகளிலும் கை வைக்கலாம் என்று எண்ணிவிடலாகாது. வீட்டுக் கம்பி வேலை, எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்று பெற்றவர்களுக்கே உரியது.

படித்த இளைஞர்கள் இவ்வேலையைத் தம் வீட்டில் ஒருமுறை செய்து பழகிய பின், தோட்டத்துப் பாலர் பள்ளியிலோ மண்டபத்திலோ உள்ள கணினிகளுக்கும் செய்து கொடுக்கலாம். தம்பி தங்கையரை அருகில் அமர்த்தி, ஒவ்வொரு படியின் காரணத்தையும் சொல்லிக் கொடுத்தால் ஒரு தோட்டத்திற்குள்ளேயே பழுது பார்க்கத் தெரிந்தவர் பலர் உருவாவர்.

பயிற்சி வினாக்கள்

1. மின்சாரம் வரும் பக்கத்தில் துளைப் பகுதியே இருக்க வேண்டும் என்பதன் காரணம் யாது?
2. மின்வழங்கியின் மஞ்சள் கம்பிக்கும் மூன்று கம்பி விசிறியின் மஞ்சள் கம்பிக்கும் உள்ள வேறுபாடு என்ன?
3. ஒரு விசிறியின் தாளில் 12 வோல்ட்டு, 0.2 ஆம்பியர் என்று உள்ளது. அதற்கு வேண்டிய ஆற்றல் எத்தனை வாட்டு?
4. பலர் பயன்படுத்தும் கணினிக்குப் பூட்டில்லாத இணைப்பி ஏற்றது என்று கூறுவது ஏன்?
5. உருகியை மின்வழங்கிக்கு அருகில் வைப்பதால் விளையும் நன்மை யாது?